ஐசோஃபிக்ஸா, பெல்ட்டா: குழந்தை சீட் வாங்கும் முன் காரின் பின்சீட்டைப் பாருங்கள்

குழந்தைக்குக் கார் சீட் வாங்கலாம் என்று முடிவெடுத்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த பிராண்டு நல்லது?" என்பதுதான். ஆன்லைனில் தேடினால் சில ஆயிரம் ரூபாயிலிருந்து அரை லட்சத்தை நெருங்கும் விலை வரை வரிசையாக வந்து நிற்கும். நட்சத்திரங்களைப் பார்த்து, விலையைப் பார்த்து, நடுவில் ஒன்றை எடுத்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் பிராண்டு கடைசிக் கேள்வி. உங்கள் காரின் பின்சீட்டில் என்ன வசதி இருக்கிறது (குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பிகளா, வெறும் பெல்ட்டா), சீட்டை அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டி வருமா, குழந்தையின் இப்போதைய எடையும் உயரமும் என்ன? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பட்டியலில் பாதி தானாகவே கழிந்துவிடும். இறுக்கமாகப் பொருத்திய நடுத்தர விலை சீட், ஆடிக்கொண்டிருக்கும் விலையுயர்ந்த சீட்டைவிட மேல். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பார்வையில்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் சீட்டின் உண்மையான போட்டியாளரைப் பார்த்துவிடுவோம். அது இன்னொரு பிராண்டு இல்லை, பாட்டியின் மடி. "நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன், எதற்கு இந்தச் செலவு?" என்ற பேச்சு வராத வீடு குறைவு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலோ மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, ஏறக்குறைய 140 கிலோ எடையைத் தூக்கும் பலம் தேவை. எந்தக் கையாலும் அது ஆகாது. பெரியவர் பெல்ட் போட்டிருந்தால் குழந்தை கையை விட்டு முன்னால் பறக்கும். பெல்ட் போடாவிட்டால் இன்னும் மோசம், முன்சீட்டுக்கும் பெரியவரின் உடம்புக்கும் நடுவில் குழந்தை நசுங்கும். தாயையும் குழந்தையையும் ஒரே பெல்ட்டுக்குள் சேர்த்துக் கட்டினாலும் நடப்பது அதுதான்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம். நம் சாலைகளில் இதற்காக யாரும் வண்டியை நிறுத்துவது அபூர்வம் என்பது வேறு விஷயம். அபராதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்கு. கார் சீட் பயன்படுத்தினால் உயிர்போகும் காயத்தின் வாய்ப்பு ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 71 சதவீதமும், ஒன்றிலிருந்து நான்கு வயதுவரை 54 சதவீதமும் குறைகிறது என்கிறார்கள்.

அப்புறம், பட்டியலிலிருந்து உடனே அடிக்க வேண்டிய ஒரு வகை. வெறும் துணியும் பஞ்சும் பட்டைகளும் வைத்துத் தைத்து, காரின் சீட்டில் கட்டிக்கொள்ளச் சொல்லும் "போர்ட்டபிள் கார் சீட்" குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கெட்டியான ஓடு கிடையாது, காரின் பெல்ட் ஒழுங்காகப் போக வழி கிடையாது. பின்சீட்டில் விரிக்கும் காற்று மெத்தையும் இதே கணக்கில்தான் சேரும். இவற்றில் குழந்தை வசதியாக உட்காரலாம், படுக்கலாம். விபத்தில் காப்பாற்ற இவற்றிடம் ஒன்றுமில்லை.

நம்பக்கூடிய சீட்டில் ஒரு முத்திரை ஒட்டியிருக்கும். ஐரோப்பியத் தரம் என்றால் ஆரஞ்சு நிற லேபிளில், வட்டத்துக்குள் 'E' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண், ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கிறது. 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. இந்தியாவுக்கான தரம் ஏஐஎஸ்-072. லேபிளில் ஆர்44 என்று இருந்தால் பழைய விதி, குழந்தையின் எடையை வைத்துப் பிரிப்பது. ஆர்129 என்றால் 2013-ல் வந்த புதிய விதி, உயரத்தை வைத்துப் பிரிப்பது. பக்கவாட்டு மோதல் சோதனை புதியதில் உண்டு, பழையதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பரிலிருந்து ஆர்44 சீட்டுகளை விற்கவே கூடாது. நம் ஊரில் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆர்44/04, அதாவது பழைய விதியின் கடைசித் திருத்தத்தின் முத்திரை உள்ள சீட் குப்பை என்று சொல்ல மாட்டேன், சரியாகப் பொருத்தினால் நல்ல சீட்தான். ஆனால் ஒரே விலைக்கு இரண்டும் கிடைத்தால் ஆர்129-ஐ எடுப்பதில் யோசிக்க எதுவும் இல்லை.

எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும்?

இந்த விஷயத்தில் நான் நடுநிலை இல்லை. குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்து, அதாவது முதுகு காரின் முன்பக்கம் இருக்கும்படி, எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம் உட்காரட்டும்.

காரணம் உடம்பின் அளவுகளில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் தலை மட்டுமே ஏறத்தாழ கால் பங்கு. அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்து இன்னும் முழுதாகக் கெட்டிப்படாதது. முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையோடு கார் மோதினால், பட்டைகள் மார்பையும் இடுப்பையும் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை, அது முன்னால் வீசப்படும், முழு இழுப்பும் கழுத்தில் விழும். பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஞானம் இல்லை. சுவீடனில் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் விசையை முதுகால் வாங்கும்படி படுத்திருப்பதைப் பார்த்து இந்த யோசனைக்கு வந்தார். 1964-ல் வால்வோ கார் ஒன்றில் முதல் மாதிரி சோதிக்கப்பட்டது. இன்றும் சுவீடனில் நான்கு வயதுவரை பின்னோக்கி உட்கார வைப்பது சகஜம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் ஒரு காலத்தில் "இரண்டு வயது வரை" என்றது. 2018-ல் அந்த வயதுக் கணக்கையே எடுத்துவிட்டு, சீட் தாங்கும் உச்ச எடை அல்லது உயரம் வரும்வரை பின்னோக்கியே வையுங்கள் என்றது. ஆர்129 விதியிலும் 15 மாதம் முடியும்வரை முன்னோக்கித் திருப்பக் கூடாது.

"கால் மடங்கிக் கிடக்கிறதே, வலிக்காதா?" என்று வீட்டில் கேட்பார்கள். குழந்தைகள் தரையில் சம்மணம் போட்டும், தவளை மாதிரி காலை விரித்தும் மணிக்கணக்கில் உட்காருகிறவர்கள். கால் மடங்குவது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

வாங்கும்போது ஏமாறும் இடமும் இங்கேதான் இருக்கிறது. பெட்டியின் மேல் "0 முதல் 25 கிலோ" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது சீட்டின் மொத்த வரம்பு. பின்னோக்கி வைக்க எத்தனை கிலோவரை என்பதை உள்ளே தனியாகத் தேட வேண்டும். சிலவற்றில் 13 கிலோ, சிலவற்றில் 18. 13 கிலோ என்றால் கொஞ்சம் புஷ்டியான குழந்தை இரண்டு வயதை ஒட்டியே அதைத் தொட்டுவிடும். 18 கிலோ அல்லது 105 செ.மீ. உயரம்வரை பின்னோக்கி அனுமதிக்கும் சீட் கிடைத்தால், மெத்தையின் மென்மையையும் கப் ஹோல்டரையும் மறந்துவிட்டு அதை எடுக்கலாம்.

பிறந்த குழந்தைக்கென்றே கைப்பிடி வைத்த கேரியர் சீட் ஒன்று உண்டு, 13 கிலோவரை. தூங்கும் குழந்தையை எழுப்பாமல் அப்படியே தூக்கி வரலாம், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் பயணத்துக்குக் கச்சிதம், வாடகை டாக்ஸியிலும் போட்டுக்கொள்ளலாம். குறை என்னவென்றால் ஒன்று அல்லது ஒன்றரை வயதில் இரண்டாவது சீட் வாங்கியே ஆக வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கும் தடுப்பூசிக்கும் மட்டும் கார் எடுக்கிற வீட்டுக்கு நான் கேரியரைப் பரிந்துரைக்க மாட்டேன். பிறந்ததிலிருந்து நான்கு வயதுவரை போகும், முதலில் பின்னோக்கியும் பிறகு முன்னோக்கியும் வைக்கக்கூடிய கன்வர்ட்டிபிள் சீட் ஒன்றே போதும். அதே சமயம் "0 முதல் 36 கிலோ, ஒரே சீட்டில் பன்னிரண்டு வயதுவரை" என்று விற்பவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. பிறந்த குழந்தை அதில் தொலைந்துபோகும், பெரிய குழந்தை பிதுங்கும். சுற்றும் சீட், அதாவது 360 பாகை திரும்புவது, குழந்தையை உட்கார வைக்கும்போது முதுகுவலியைக் குறைக்கும். எடை மட்டும் அதிகம். நிரந்தரமாகக் காரிலேயே இருக்கும் என்றால் வாங்கலாம்.

ஐசோஃபிக்ஸ், பெல்ட்: எது உங்கள் காருக்கு?

பின்சீட்டின் மெத்தையும் சாய்மானமும் சேரும் இடுக்கில் கையை விட்டுத் துழாவுங்கள். விரல் தடிமன்கூட இல்லாத இரண்டு இரும்புக் கம்பிகள், 28 செ.மீ. இடைவெளியில் கையில் தட்டுப்பட்டால் அதுதான் ஐசோஃபிக்ஸ். சமீப ஆண்டுகளில் வந்த பெரும்பாலான கார்களில் பின்சீட்டின் இரு ஓரங்களிலும் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் புதுக் கார் வாங்கிய கையோடு ரெக்சின் சீட் கவர் போட்டுவிடுவோம். அது இந்தக் கம்பிகளையும் பல நேரம் நடு பெல்ட்டின் பக்கிளையும் மூடிவிடும். "என் காரில் ஐசோஃபிக்ஸ் இல்லை" என்று சொல்பவர்களில் சிலருக்கு அது கவருக்கு அடியில்தான் இருக்கிறது. கவர் போட்ட கடையிலேயே கொடுத்தால் அந்த இடத்தில் வெட்டி ஓரம் தைத்துத் தருவார்கள். பஞ்சு அதிகமாக வைத்த கவர் என்றால், குழந்தை சீட் வைக்கும் இடத்தில் அதைக் கழற்றிவிடுவதே நல்லது. அந்தப் பஞ்சு அமுங்க அமுங்க, இறுக்கிக் கட்டிய சீட் மறுநாளே தளர்ந்துவிடும்.

ஐசோஃபிக்ஸின் பெரிய பலம், தப்பாகப் பொருத்துவது கஷ்டம் என்பது. சீட்டின் அடியிலிருந்து நீளும் இரண்டு கொக்கிகளைக் கம்பியில் அழுத்தினால் கிளிக் என்று சத்தம் வரும், சின்ன ஜன்னலில் சிவப்பு போய்ப் பச்சை தெரியும். இரு பக்கமும் பச்சை வந்ததா என்று பார்த்துவிட்டு, சீட்டைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள்.

இத்துடன் வேலை முடிந்தது என்று நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். முடியவில்லை. இரண்டு கொக்கி மட்டும் இருந்தால் மோதலில் சீட் அந்தக் கம்பியை அச்சாக வைத்து முன்னால் கவிழும். அதைத் தடுக்க மூன்றாவது பிடிமானம் வேண்டும். அது சீட்டின் தலைப்பகுதியிலிருந்து பின்னால் போகும் டாப் டெதர் பட்டையாக இருக்கலாம், அல்லது முன்பக்கம் தரையில் ஊன்றும் சப்போர்ட் லெக்காக இருக்கலாம். உங்கள் சீட்டில் எது இருக்கிறதோ அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.

டெதரை எங்கே மாட்டுவது என்பதில்தான் குழப்பம். செடான் கார்களில் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில், ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இருக்கும். ஹேட்ச்பேக் கார்களில் பெரும்பாலும் பின்சீட் சாய்மானத்தின் முதுகிலோ டிக்கியின் தரையிலோ இருக்கும், பக்கத்தில் நங்கூரப் படம் போட்டிருக்கும். டிக்கியில் பையைக் கட்ட வைத்திருக்கும் கொக்கியில் மாட்டிவிடாதீர்கள், அது அந்த விசைக்குச் செய்யப்பட்டதல்ல. பட்டை ஹெட்ரெஸ்ட்டின் மேலே சுற்றிப் போகாமல், அதன் இரு கம்பிகளுக்கு நடுவே கீழாகப் போவதுதான் பெரும்பாலான கார்களில் முறை. காரின் கையேட்டில் படமே இருக்கும்.

சப்போர்ட் லெக் உள்ள சீட்டுக்குத் தரை கெட்டியாக இருக்க வேண்டும். காலடியில் சாமான் வைக்கும் அறை உள்ள கார்களில் அந்த மூடியின் மேல் ஊன்றினால் மோதலில் மூடி உள்ளே போய்விடும். இப்போது எல்லாரும் போடுகிற தடித்த 7டி மேட்டின் மேலும் ஊன்ற வேண்டாம். அந்தப் பக்க மேட்டை எடுத்துவிட்டு, கால் தரையில் அழுத்தமாக நிற்கிறதா, அதே சமயம் சீட்டின் அடிப்பாகத்தைத் தூக்கிவிடவில்லையா என்று பாருங்கள். இரண்டிலும் எது மேல் என்றால், உங்கள் காரில் எது சரியாகப் பொருந்துகிறதோ அது. டெதர் கொக்கி இல்லாத காருக்கு டெதர் சீட் வாங்கி என்ன பயன்?

ஐசோஃபிக்ஸுக்கு ஓர் எடை வரம்பும் உண்டு. ஆர்129 சீட்டுகளில் குழந்தையும் சீட்டும் சேர்ந்து 33 கிலோவைத் தாண்டக் கூடாது. சீட்டே 14 கிலோ என்றால் குழந்தைக்கு மிச்சம் 19.

சரி, பெல்ட்டுக்கு வருவோம். பெல்ட்டில் கட்டும் சீட் தரம் குறைந்தது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அப்படி இல்லை. இறுக்கமாகக் கட்டிய பெல்ட் சீட் ஐசோஃபிக்ஸ் அளவுக்கே காப்பாற்றும். பிரச்சினை, அப்படி இறுக்கமாகக் கட்ட நேரமும் பழக்கமும் வேண்டும் என்பதுதான். நம் கார்களின் பின் பெல்ட் சட்டென்று இழுத்தால் மட்டும் பூட்டிக்கொள்ளும், மெதுவாக இழுத்தால் தளர்ந்துகொண்டே வரும். எனவே சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பூட்டு இல்லாத சீட் சில நாள் ஓட்டத்திலேயே தளர்ந்து சாய்ந்துவிடும்.

கட்டும் முறை இது. பெல்ட் போகும் பாதைக்கு நிறக் குறி இருக்கும், பின்னோக்கி என்றால் நீலம், முன்னோக்கி என்றால் சிவப்பு. அந்த நிறக் குறியுள்ள கொக்கிகளில் ஒன்றையும் விடாமல், பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல் விட்டு, பக்கிளில் மாட்டுங்கள். பிறகு ஒரு முழங்காலைச் சீட்டுக்குள் ஊன்றி உங்கள் எடையை அதன் மேல் போட்டுக்கொண்டே, முதலில் இடுப்புப் பட்டையின் தளர்வைத் தோள் பட்டைக்கு ஏற்றுங்கள், அடுத்து தோள் பட்டையை மேலே இழுத்துப் பூட்டுங்கள். கடைசியில் பெல்ட் போகும் இடத்துக்குப் பக்கத்தில் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் மறுபடியும் கட்ட வேண்டியதுதான். பின்னோக்கிய சீட்டின் மேல்முனையைப் பிடித்து ஆட்டினால் ஆடத்தான் செய்யும், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

பெல்ட் முறையில் நம் சிறிய கார்களுக்கே உரிய இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று, பெல்ட்டின் நீளம். கேரியர் சீட்டின் முதுகைச் சுற்றிப் பெல்ட் போக வேண்டும், சில கார்களில் அது பக்கிள்வரை எட்டாது. இன்னொன்று, பக்கிளின் காம்பு நீளமாக இருந்தால் அது சீட்டின் ஓட்டின் மேல் வந்து மடங்கி நிற்கும், எவ்வளவு இழுத்தாலும் இறுக்கம் வராது. இந்த இரண்டையும் காரைக் கடைக்கு ஓட்டிப் போய், சீட்டை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கி, வந்த அன்றே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இதில் அமெரிக்காவிலிருந்து வரும் சீட்டுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே இருக்கும் அக்காவோ மாமாவோ ஊருக்கு வரும்போது தங்கள் குழந்தையின் சீட்டை இங்கே விட்டுப் போவது இப்போது சாதாரணம். அந்த சீட்டின் கொக்கிகள் நம் ஐசோஃபிக்ஸ் கம்பியில் பொதுவாக மாட்டும். பெல்ட்டில் கட்டும்போதுதான் சிக்கல். அமெரிக்கக் கார்களில் பெல்ட்டை முழுதாக இழுத்துவிட்டால் அது பூட்டும் நிலைக்கு மாறிவிடும், அதை நம்பித்தான் அங்குள்ள பல சீட்டுகள் செய்யப்பட்டிருக்கின்றன. நம் கார்களின் பெல்ட்டில் அந்த வசதி இல்லாமல் இருக்கலாம். சீட்டிலேயே பூட்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் சில சீட்டுகளோடு வரும், பெல்ட் தளராமல் பிடித்துக்கொள்ளும் இரும்பு லாக்கிங் கிளிப்பைத் தேடி எடுங்கள். மார்பில் மாட்டும் கிளிப் ஒன்றும் அமெரிக்க சீட்டில் இருக்கும், அது அக்குள் உயரத்தில் நிற்க வேண்டும், வயிற்றுக்கு இறங்கக் கூடாது.

முடிவாக என் தேர்வு: ஒரே கார், ஐசோஃபிக்ஸ் இருக்கிறது, சீட் காரிலேயே இருக்கும் என்றால் ஐசோஃபிக்ஸ், யோசிக்கவே வேண்டாம். இரண்டு கார்களுக்கு மாற்றி மாற்றி மாட்டுவது, ஊருக்குப் போனால் வாடகை வண்டி, அப்பாவின் பழைய காரில் ஐசோஃபிக்ஸ் இல்லை என்கிற வீடுகளுக்குப் பெல்ட்டில் கட்டும், பூட்டு உள்ள, எடை குறைந்த சீட். மாட்டுகிறவர் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் என்றால் மட்டும் இந்த இரண்டாவது தேர்வை மறுபரிசீலனை செய்வேன். மாட்டத் தெரிந்தவர் ஊரில் இல்லாத நாளில்தான் சீட் தளர்வாகக் கட்டப்படும்.

காரில் எந்த இடம்?

முன்சீட் வேண்டாம். 2022 முதல் இந்தியாவில் விற்கும் புதுக் கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் கட்டாயம். பின்னோக்கி வைத்த சீட்டின் முதுகில் அந்த ஏர்பேக் வெடித்தால் அடி நேராகக் குழந்தையின் தலைக்குத்தான். சன்வைசரில் ஒட்டியிருக்கும் குழந்தைப் படம் போட்ட எச்சரிக்கை இதைத்தான் சொல்கிறது.

பின்சீட்டின் நடு இடம் இரு பக்கக் கதவுகளிலிருந்தும் தள்ளி இருப்பதால் புத்தகப்படி நல்ல இடம். நடைமுறையில் அங்கே ஐசோஃபிக்ஸ் இருக்காது, பழைய கார்களில் இடுப்புக்கு மட்டும்தான் பெல்ட், மெத்தையும் மேடாக இருக்கும். இறுக்கமாகக் கட்ட முடியாத நடு இடத்தைவிட இறுக்கமாகக் கட்டிய ஓர இடம் மேல். ஓரம் என்றால் இடப்பக்கம். நம் சாலையில் குழந்தையை நடைபாதைப் பக்கமாக ஏற்றி இறக்கலாம், வலப்பக்கம் உட்காரும் ஓட்டுநர் ஓரக்கண்ணால் பார்க்கவும் எளிது. சீட் பெரிதாக இருந்தால் அதற்கு முன்னால் இருக்கும் இருக்கையை முன்னே நகர்த்த வேண்டி வரும். ஹேட்ச்பேக்கில் தாத்தா முழங்கால் இடிக்க உட்காரும் நிலை வரலாம். குட்டையான ஆளை அங்கே மாற்றி உட்கார வையுங்கள்.

பட்டையைச் சரிசெய்வது

காரில் சீட்டை மாட்டுவது ஒரு நாள் வேலை. குழந்தையை அதற்குள் கட்டுவது ஒவ்வொரு நாளும், அங்கேதான் அலட்சியம் வரும்.

தோள்பட்டையின் உயரத்தை முதலில் பாருங்கள். பின்னோக்கி உட்கார்ந்தால் பட்டை தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கி என்றால் தோளுக்குச் சமமாகவோ சற்று மேலிருந்தோ. இது தலைகீழாகிவிட்டால் குழந்தை மோதலில் மேலே சறுக்கவோ முதுகெலும்பு அமுங்கவோ வழியாகும். பக்கிளைப் போட்டதும் இடுப்பின் தளர்வை மார்புக்கு ஏற்றி, பிறகு நடுப்பட்டையை இழுங்கள். தோள் எலும்புக்கு மேலே பட்டையை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் தளர்வு, இன்னும் இழுக்க வேண்டும்.

துணியில் சுற்றிய பிறந்த குழந்தையை அப்படியே சீட்டில் வைக்க முடியாது, கால்களுக்கு நடுவே பட்டை போக வேண்டும். முதலில் கட்டிவிட்டு, மேலே துணியைப் போர்த்துங்கள். கல்யாணத்துக்குப் போகும் பட்டுப்பாவாடையும் இதே கதைதான். பாவாடையைப் பையில் வைத்துவிட்டு மண்டபத்தில் மாற்றிக்கொள்ளலாம், அல்லது நன்றாக மேலே ஏற்றிவிட்டுப் பட்டையை உடம்போடு ஒட்டிக் கட்டுங்கள். ஊட்டிக்குப் போகும்போது தடித்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கட்டி, மேலே போர்வை. கழுத்துக்கு அண்டக் கொடுக்கத் தனியாக விற்கும் தலையணை, கூடுதல் மெத்தை எதுவும் வேண்டாம், சீட்டோடு வந்த பிறந்த குழந்தைக்கான மெத்தை மட்டும் போதும். அதையும் கையேடு சொல்லும் எடை வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

சாய்வு விஷயமும் பின்னோக்கிய சீட்டில் முக்கியம். பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 45 பாகை. அதைவிட நிமிர்ந்தால் தலை மார்பில் கவிழ்ந்து மூச்சுக்குழாய் அடைபடும் ஆபத்து. சீட்டின் பக்கவாட்டில் ஒரு கோடோ குமிழோ இருக்கும், காரைச் சமதரையில் நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். நம் கார்களின் பின்சீட் பின்பக்கமாகச் சரிந்திருப்பதால் சீட் நிமிர்ந்து நிற்கும். கையேடு அனுமதித்தால் அடியில் சுருட்டிய துண்டு வைக்கலாம். சென்னையிலிருந்து மதுரை போன்ற நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, குழந்தையை வெளியே எடுத்துப் படுக்க வையுங்கள். வீட்டுக்கு வந்தபின் கேரியரிலேயே தூங்க விட வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரில் பக்கிளின் இரும்பு சூடேறியிருக்கும். நிறுத்தும்போது சீட்டின் மேல் வெள்ளைத் துண்டு போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது கையால் தொட்டுப் பார்த்துக் கட்டலாம்.

பழைய சீட் வாங்கலாமா என்பதற்குச் சுருக்கமான பதில்: விபத்தில் சிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய, நீங்கள் நன்றாக அறிந்த குடும்பத்திடமிருந்து மட்டும். ஓட்டின் பின்னால் தயாரிப்புத் தேதி இருக்கும், பலவற்றில் எத்தனை ஆண்டு பயன்படுத்தலாம் என்றும் போட்டிருக்கும். கையேடும் எல்லாப் பாகங்களும் இல்லாமல் வாங்காதீர்கள்.

பட்டைக்குப் பிறகு

முன்னோக்கிய சீட்டின் பட்டை வரம்பைக் குழந்தை தாண்டியதும் பூஸ்டர், அதாவது காரின் பெல்ட் சரியாகப் பொருந்தும்படி குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை. முதுகும் பக்கவாட்டுத் தலைத் தாங்கலும் உள்ளது ஒன்று, வெறும் மெத்தை மாதிரி உயர்த்துவது இன்னொன்று. வெறும் மெத்தை மலிவு, எடை இல்லை, பள்ளிக்கு வேறு காரில் போனாலும் கையில் எடுத்துப் போகலாம். ஆனால் தூங்கும் குழந்தை பக்கவாட்டில் சாய்ந்து பெல்ட்டுக்கு வெளியே போய்விடும். பக்க மோதலுக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது. ஐரோப்பாவில் புதிதாக ஒப்புதல் பெறும் முதுகில்லாத பூஸ்டர்கள் 125 செ.மீ.க்கு மேல் உயரமுள்ள குழந்தைக்குத்தான். அதையே நம் வீட்டு அளவாகவும் வைத்துக்கொள்ளலாம். இடுப்புக்கு மட்டும் பெல்ட் உள்ள நடு இடத்தில் எந்த பூஸ்டரையும் வைக்கக் கூடாது.

பூஸ்டரை எப்போது விடுவது என்று வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குச் சீட்டோ பூஸ்டரோ கட்டாயம். ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ. உங்கள் காரில் நேரடியாகப் பார்க்கவும் வழி இருக்கிறது. குழந்தை பூஸ்டர் இல்லாமல் முதுகைச் சாய்மானத்தில் ஒட்டி உட்காரட்டும். முழங்கால் சீட்டின் விளிம்பில் மடிகிறதா? இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் தொடையின் மேல் தாழ்ந்து கிடக்கிறதா? தோள் பட்டை கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவே போகிறதா? பயணம் முழுக்க இப்படியே உட்கார முடிகிறதா? இதில் ஒன்றுக்கு இல்லை என்றாலும் பூஸ்டர் தொடரட்டும். ஒரே குழந்தைக்கு உங்கள் காரில் எல்லாம் சரியாக இருந்து, சித்தப்பாவின் எஸ்யூவியில் சரியில்லாமல் போகலாம். அந்தக் காரில் போகும் நாளில் பூஸ்டரையும் டிக்கியில் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.